பழைய மென்பொருள்களும் செட்டிங்ஸும் புதிய விண்டோஸுக்கு: பிசகில்லாமல் மாறுவது எப்படி?

புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரை அப்படியே வெளி ஹார்டு டிஸ்க்கில் காப்பி செய்து வைத்துக்கொண்டு, கணினியை ஃபார்மட் செய்துவிடுகிறவர்கள் உண்டு. புதிய விண்டோஸில் அதைத் திரும்ப ஒட்டினால் எல்லாம் பழையபடி ஓடும் என்ற நம்பிக்கை. பெரும்பாலானவை ஓடாது. ஒரு மென்பொருளை இன்ஸ்டால் செய்யும்போது அதன் கோப்புகள் அந்த ஃபோல்டருக்குள் போவது பாதி வேலைதான். மீதிப் பாதியில், விண்டோஸும் மென்பொருள்களும் தங்கள் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரி என்ற தரவுத்தளத்தில் நூற்றுக்கணக்கான பதிவுகள் எழுதப்படுகின்றன. பின்னணியில் ஓடும் சர்வீஸ் ஒன்று பதிவாகிறது. சிலவற்றுக்கு டிரைவர் தேவை. பலவற்றுக்கு விஷுவல் சி++, டாட்நெட் போன்ற பொதுக் கோப்புகள் விண்டோஸுக்குள் இருக்க வேண்டும். இவை எதுவும் அந்த ஒரு ஃபோல்டருக்குள் கிடையாது.

ஆகவே மென்பொருளைப் புதிதாகத்தான் போட வேண்டும். நாம் எடுத்துக்கொண்டு போக வேண்டியவை மூன்று: என்னென்ன இருந்தன என்ற பட்டியல், அவற்றுக்கான லைசென்ஸ், அவற்றில் நாம் செய்துவைத்த செட்டிங்ஸும் தரவும். இந்த மூன்றையும் ஃபார்மட்டுக்கு முன்னால் எடுத்துவிட்டால் மாறுவது அரை நாள் வேலை. எடுக்காவிட்டால் மாதக்கணக்கில் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்து உறுத்தும்.

கீழே வரும் கட்டளைகளும் ஃபோல்டர் பெயர்களும் தமிழ் ஒலிப்பில் இருக்கின்றன. கணினியில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும். கட்டளைகளில் டி: என்று வருவது பேக்கப் டிஸ்க்கின் எழுத்து, பெயர் என்று வருவது உங்கள் யூசர் ஃபோல்டரின் பெயர்.

புதிதாகப் போடத்தான் வேண்டுமா?

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. அதனால் விண்டோஸ் 11-க்கு மாறுவதுதான் நோக்கம் என்றால், ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்குள் இருந்தபடியே செட்டப்பை இயக்கி, தனிப்பட்ட கோப்புகளையும் ஆப்களையும் வைத்துக்கொள் என்ற தேர்வைக் கொடுத்தால் போதும். மென்பொருள், செட்டிங்ஸ், பாஸ்வேர்ட் எல்லாம் அப்படியே இருக்கும். கணினி ஆரோக்கியமாக இருந்தால் இதுவே சிறந்த வழி.

மூன்று நிலைகளில் இந்த வழி உதவாது. கணினி ஏற்கெனவே வைரஸாலோ குளறுபடியாலோ கெட்டுப்போயிருந்தால் அந்தக் குப்பையும் கூடவே வரும். பழைய விண்டோஸ் 32 பிட் பதிப்பாக இருந்தால் அதன்மேல் விண்டோஸ் 11-ஐ ஏற்ற முடியாது, ஏனென்றால் விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பே கிடையாது. மூன்றாவது, வேறு கணினிக்கே போகிறீர்கள் என்றால். இந்த மூன்றுக்கும்தான் இந்தக் கட்டுரை.

32 பிட்டிலிருந்து வருகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: மிகப் பழைய 16 பிட் மென்பொருள்கள் 64 பிட் விண்டோஸில் ஓடவே ஓடாது. அப்படி ஏதாவது ஒன்றை நம்பி வேலை நடக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

பழைய டிஸ்க்கை அழிக்காதீர்கள்

பாதுகாப்பான வழி புதிய எஸ்எஸ்டி ஒன்றை வாங்கி அதில் விண்டோஸைப் போடுவது. பழைய டிஸ்க்கைக் கழற்றி ஓரமாக வைத்துவிடலாம். எதை மறந்தாலும் யூஎஸ்பி உறையில் போட்டு இணைத்து எடுத்துக்கொள்ளலாம். பேக்கப் எடுக்கிறவர்கள் எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒன்றிரண்டு விட்டுப்போகும் என்பதால்தான் இதை முதலில் சொல்கிறோம்.

அது முடியாதென்றால் டிஸ்க்கின் முழுப் பிம்பத்தை எடுத்து வையுங்கள். மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் டிஸ்க்2விஹெச்டி என்ற சிறிய இலவசக் கருவி இருக்கிறது. விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே சி டிரைவ் முழுவதையும் ஒரே கோப்பாக வேறொரு டிஸ்க்கில் எழுதித் தரும். புதிய விண்டோஸில் அந்தக் கோப்பின்மேல் இரட்டைக் கிளிக் செய்தால் தனி டிரைவாகத் திறந்துகொள்ளும். வெளி டிஸ்க் என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் ஆகியிருக்க வேண்டும். ஃபேட்32-ல் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை எழுதவே முடியாது. பெரிய மின்னஞ்சல் கோப்புகள் காப்பி ஆகாமல் நிற்பதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம்.

டிஸ்க் முழுவதையும் குறியாக்கம் செய்து பூட்டும் விண்டோஸின் பிட்லாக்கர் இயங்குகிறதா என்றும் பாருங்கள். பலருக்கு அது இருப்பதே தெரியாது. இருந்தால் 48 இலக்க மீட்பு எண்ணைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். பழைய டிஸ்க்கை வேறு கணினியில் இணைத்தால் முதலில் அந்த எண்ணைத்தான் கேட்கும்.

பட்டியல் எடுப்பது

விண்டோஸ் 11-லும் விண்டோஸ் 10-ன் 1809 முதலான பதிப்புகளிலும், மென்பொருள்களை இணையக் களஞ்சியத்திலிருந்து இறக்கி இன்ஸ்டால் செய்யும் விங்கெட் என்ற கட்டளைக் கருவியைப் பயன்படுத்தலாம். டெர்மினலைத் திறந்து இப்படி அடியுங்கள்:

விங்கெட் எக்ஸ்போர்ட் -ஓ டி:\ஆப்ஸ்.ஜேசன்

உங்கள் கணினியில் இருப்பவற்றில் விங்கெட்டின் களஞ்சியத்திலும் இருப்பவை அந்தக் கோப்பில் பதிவாகும். களஞ்சியத்தில் இல்லாதவற்றைத் திரையில் ஒவ்வொன்றாகச் சொல்லும். அந்த வரிகளை நோட்பேடில் ஒட்டிக்கொள்ளுங்கள். புதிய கணினியில் கையால் தேடிப் போட வேண்டியவை அவைதான்.

ஜேசன் கோப்பு வெறும் எழுத்துக் கோப்பு. வேண்டாத மென்பொருளின் பகுதியை நோட்பேடிலேயே அழித்துவிடலாம். பட்டியலில் கடைசி உருப்படிக்குப் பின் காற்புள்ளி மிஞ்சக்கூடாது, மிஞ்சினால் கோப்பைப் படிக்க முடியவில்லை என்று பிழை வரும். பதிப்பு எண்கள் இயல்பாக இதில் பதிவாகாது. திரும்பப் போடும்போது ஒவ்வொன்றின் புதிய பதிப்புதான் வரும். குறிப்பிட்ட பழைய பதிப்பில்தான் ஒரு மென்பொருள் வேலை செய்கிறது என்றால் அதன் இன்ஸ்டாலர் கோப்பை இப்போதே தேடி எடுத்து வையுங்கள். நிறுவனங்கள் பழைய இன்ஸ்டாலர்களை எடுத்துவிடுவது வழக்கம்.

கூடவே, செட்டிங்ஸில் இன்ஸ்டால் செய்த ஆப்களின் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பிரவுசர் எக்ஸ்டென்ஷன்கள், ஆஃபீஸ் ஆட்-இன்கள், இன்ஸ்டால் செய்யாமல் நேரடியாக ஓடும் போர்ட்டபிள் மென்பொருள்கள் இந்தப் பக்கத்தில் தெரியாது. அவற்றைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். போர்ட்டபிள் மென்பொருள்களை மட்டும் ஃபோல்டரோடு காப்பி செய்தால் போதும், அவை அதற்காகவே செய்யப்பட்டவை.

லைசென்ஸ்

விண்டோஸின் டிஜிட்டல் லைசென்ஸ் கணினியின் வன்பொருளோடு பிணைந்தது. அதே கணினியில் அதே பதிப்பை, ஹோம் என்றால் ஹோம், புரோ என்றால் புரோ, திரும்பப் போடும்போது என்னிடம் கீ இல்லை என்று சொல்லிக் கடந்துவிடலாம். இணையம் கிடைத்ததும் தானே ஆக்டிவேட் ஆகும். பதிப்பை மாற்றிப் போட்டால் ஆகாது.

மற்ற மென்பொருள்களில் மூன்று வகை உண்டு. கணக்கில் லாகின் செய்தால் திறப்பவற்றுக்கு மின்னஞ்சலும் பாஸ்வேர்டும் போதும். கீ எண் கேட்பவற்றுக்கு அந்த எண்ணை வாங்கிய மின்னஞ்சலிலிருந்து இப்போதே எடுத்து வையுங்கள். ஆஃபீஸ் போன்றவை கணினியில் கடைசி 5 எழுத்துகளை மட்டுமே காட்டும், மீதியை அதிலிருந்து மீட்க முடியாது. மூன்றாவது வகைதான் ஆபத்தானது: எத்தனை கணினிகளில் ஓடலாம் என்று எண்ணி வைப்பவை. இவற்றை ஃபார்மட்டுக்கு முன்னால் டிஆக்டிவேட் செய்யாவிட்டால் பழைய விண்டோஸ் ஓர் இடத்தை ஆக்கிரமித்துக்கொண்டே இருக்கும். புதியதில் எண்ணிக்கை முடிந்தது என்று மறுத்துவிடும். அதன்பின் நிறுவனத்துக்கு எழுதிக் காத்திருப்பதைத் தவிர வேறு வழி இருக்காது. அடோபி மென்பொருள்களில் உதவி மெனுவிலிருந்து சைன் அவுட் செய்வதே இதற்குப் போதும்.

ஓடிபி எண் உருவாக்கும் செயலியைக் கணினியிலேயே வைத்திருப்பவர்கள் அதை முதலில் கைபேசிக்கு மாற்றிவிடுங்கள். எல்லாக் கணக்குகளின் சாவியும் அழிகிற கணினிக்குள்ளேயே இருந்தால் எதற்குள்ளும் நுழைய முடியாமல் போகும்.

செட்டிங்ஸ் எங்கே இருக்கிறது?

இங்கேதான் நேரம் செலவிட வேண்டும். விண்டோஸ் மென்பொருள்கள் தங்கள் செட்டிங்ஸை நான்கைந்து இடங்களில் வைக்கின்றன.

முக்கியமானது ஆப்டேட்டா. உங்கள் யூசர் ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும். விண்டோஸ் விசையையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, %ஆப்டேட்டா% என்று அடித்தால் அதன் ரோமிங் பகுதி திறக்கும். %லோக்கல்ஆப்டேட்டா% என்றால் லோக்கல் பகுதி. நோட்பேட்++, விஎல்சி, லிப்ரே ஆஃபீஸ், ஓபிஎஸ், ஜிம்ப், ஃபைல்ஜில்லா ஆகியவற்றின் செட்டிங்ஸ் எல்லாம் ரோமிங்கில் அந்தந்தப் பெயரிலேயே இருக்கின்றன. விஎஸ் கோடு மட்டும் கோடு என்ற பெயரில் இருக்கும், அதற்குள் யூசர் என்ற ஃபோல்டரை எடுத்தால் போதும்.

ஆப்டேட்டா முழுவதையும் எடுத்துப் புதிய கணினியில் கொட்டிவிடலாமே என்று தோன்றும். செய்யாதீர்கள். லோக்கல் பகுதியில் பெரும்பாலானவை தற்காலிகக் கோப்புகளும், பழைய விண்டோஸின் கணக்கு அடையாளத்தோடு பிணைந்த ஸ்டோர் ஆப் தரவும். புதியவற்றின்மேல் அவை படிந்தால் ஸ்டார்ட் மெனுவே திறக்காமல் போகலாம். பேக்கப்பாக முழுவதையும் எடுத்து வைப்பது நல்லது, திரும்பப் போடும்போது மட்டும் தேவையானதை ஒவ்வொன்றாகப் போடுங்கள்.

காப்பி செய்யும் முன் அந்த மென்பொருளை முழுவதும் மூடுங்கள். டாஸ்க்பாரின் ஓரத்தில் சிறு ஐகானாக ஒளிந்து ஓடுபவற்றையும் சேர்த்து. பல மென்பொருள்கள் தரவை எஸ்க்யூலைட் என்ற சிறிய டேட்டாபேஸ் கோப்புகளில் வைக்கின்றன. ஓடிக்கொண்டிருக்கும்போது கடைசி மாற்றங்கள் பக்கத்தில் உள்ள இன்னொரு கோப்பில்தான் இருக்கும். பாதியில் எடுத்த காப்பி சில நேரம் திறக்கும், சில நேரம் பழுதான தரவு என்று சொல்லும்.

பிரவுசர்கள்

ஃபயர்ஃபாக்ஸில் முகவரிப் பட்டையில் அபௌட்:சப்போர்ட் என்று அடித்தால் புரொஃபைல் ஃபோல்டரைத் திறக்கும் பட்டன் இருக்கும். ஃபயர்ஃபாக்ஸை மூடிவிட்டு அந்த ஃபோல்டரை முழுவதுமாக எடுங்கள். புக்மார்க், ஹிஸ்டரி, எக்ஸ்டென்ஷன், பாஸ்வேர்ட் எல்லாம் அதில் இருக்கின்றன. பாஸ்வேர்ட் மட்டும் போதும் என்றால் லாகின்ஸ்.ஜேசன், கீ4.டிபி இரண்டையும் சேர்த்தே எடுக்க வேண்டும். முதலாவது பூட்டிய பெட்டி, இரண்டாவது அதன் சாவி. இந்த புரொஃபைலை லினக்ஸ் கணினியில் போட்டாலும் வேலை செய்யும். புதிய கணினியில் உள்ள ஃபயர்ஃபாக்ஸ் பழையதைவிடக் குறைந்த பதிப்பாக இருக்கக்கூடாது, இருந்தால் புரொஃபைலைத் திறக்க மறுக்கும்.

குரோமும் எட்ஜும் இப்படி இல்லை. அவை பாஸ்வேர்டுகளை விண்டோஸின் யூசர் கணக்கைக் கொண்டே பூட்டுகின்றன. புதிய விண்டோஸில் நீங்கள் அதே பெயரில், அதே பாஸ்வேர்டோடு கணக்கு தொடங்கினாலும் விண்டோஸின் பார்வையில் அது வேறு ஆள். ஃபோல்டரைக் காப்பி செய்தால் புக்மார்க் வரும், பாஸ்வேர்ட் வராது. ஆகவே ஃபார்மட்டுக்கு முன்பே, கணக்கின் வழியாகப் பாஸ்வேர்டுகளை மற்ற சாதனங்களுக்கும் கொண்டுசெல்லும் சிங்க் வேலை செய்கிறதா என்று இன்னொரு சாதனத்தில் பாருங்கள். அல்லது பாஸ்வேர்ட் மேனேஜரிலிருந்து சிஎஸ்வி கோப்பாக ஏற்றுமதி செய்யுங்கள். அந்தக் கோப்பில் பாஸ்வேர்டுகள் பூட்டில்லாமல் வெறும் எழுத்தாக இருக்கும். வேலை முடிந்ததும் அழித்தே ஆக வேண்டும்.

மின்னஞ்சலும் ஆஃபீஸும்

தண்டர்பேர்டில் டூல்ஸ் மெனுவில் ஏற்றுமதி இருக்கிறது, ஆனால் புரொஃபைல் 2 ஜிபிக்குள் இருந்தால்தான் பயன்படும். பெரியது என்றால் ரோமிங்கில் உள்ள தண்டர்பேர்ட் ஃபோல்டரைக் கையால் எடுங்கள்.

கிளாசிக் அவுட்லுக்கில் பிஎஸ்டி, ஓஎஸ்டி என்று இரண்டு வகைக் கோப்புகள் உண்டு. பிஎஸ்டியை எடுத்துச் சென்று எங்கும் திறக்கலாம். ஓஎஸ்டி என்பது சர்வரில் இருப்பதன் நகல் மட்டுமே, வேறு கணினியில் திறக்காது. கணக்கைச் சேர்த்தால் அது தானே மறுபடி இறங்கும். ஆனால் இந்தக் கணினியில் மட்டும் என்று குறித்த ஃபோல்டர்களில் ஏதாவது இருந்தால் அவை சர்வரில் இல்லை. அவற்றை முதலில் பிஎஸ்டியாக ஏற்றுமதி செய்யுங்கள்.

கடிதத்தின் அடியில் வரும் கையொப்பங்கள் ரோமிங்கில் மைக்ரோசாஃப்ட் ஃபோல்டருக்குள் சிக்னேச்சர்ஸ் என்ற இடத்தில் இருக்கும். வேர்டின் நார்மல்.டாட்எம் டெம்ப்ளேட்ஸ் ஃபோல்டரிலும், நீங்கள் சேர்த்த சொற்களின் அகராதி யூபுரூஃப் ஃபோல்டரிலும் இருக்கும். மூன்றும் சிறிய கோப்புகள், பெரும்பாலும் மறந்துபோகிறவை.

எழுத்துருக்களும் தமிழ் விசைப்பலகையும்

விண்டோஸ் 10-ன் 1809 பதிப்பு முதல், ஒரு எழுத்துருவை இரட்டைக் கிளிக் செய்து சாதாரணமாக இன்ஸ்டால் செய்தால் அது சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டரின் ஃபான்ட்ஸுக்குள் போவதில்லை. லோக்கல் ஆப்டேட்டாவில் மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஃபான்ட்ஸ் என்ற வரிசையில் போய்ச் சேருகிறது. பழைய இடத்தை மட்டும் காப்பி செய்தவர்களுக்குப் பாதி எழுத்துருக்கள் காணாமல் போவது இதனால்தான். இரண்டு இடங்களையும் எடுங்கள்.

தமிழில் பழைய கோப்புகள் வைத்திருப்பவர்களுக்கு இது வெறும் அழகு விஷயமல்ல. பாமினி, டிஸ்கி, டேப் போன்ற யூனிகோடு அல்லாத முறைகளில் எழுதிய கோப்புகள், உரிய எழுத்துரு இல்லாவிட்டால் புரியாத ஆங்கிலக் குறிகளாகத் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்துவிடாதீர்கள், எழுத்துருவைப் போட்டதும் திரும்ப வந்துவிடும். தட்டச்சுக்கு இ-கலப்பை, கீமேன், அழகி போன்றவற்றைப் பயன்படுத்தினால் அவற்றின் இன்ஸ்டாலரையும் விசைப்பலகைக் கோப்புகளையும் சேர்த்து வையுங்கள். தமிழ் 99-ம் அஞ்சலும் மட்டும் போதும் என்றால் புதிய விண்டோஸிலேயே இருக்கின்றன. மொழிப் பகுதியில் தமிழைச் சேர்த்துத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

ரெஜிஸ்ட்ரி

சில மென்பொருள்கள் கோப்பே எழுதாமல் எல்லாவற்றையும் ரெஜிஸ்ட்ரியில் வைக்கின்றன. சர்வர்களோடு வேலை செய்பவர்கள் பயன்படுத்தும் புட்டி அப்படிப்பட்டது. ரெஜ்எடிட்டைத் திறந்து, ஹெச்கீ கரன்ட் யூசர், அதற்குள் சாஃப்ட்வேர், அதற்குள் அந்த மென்பொருளின் அல்லது அதைச் செய்தவரின் பெயர் என்று போய், வலது கிளிக்கில் ஏற்றுமதி செய்யுங்கள். சிறிய ரெஜ் கோப்பு கிடைக்கும். புதிய கணினியில் இரட்டைக் கிளிக் செய்தால் சேர்ந்துவிடும். அந்த ஒரு கிளையை மட்டும் எடுங்கள். ரெஜிஸ்ட்ரி முழுவதையும் எடுத்துப் புதியதில் கலப்பது விண்டோஸையே கெடுத்துவிடும்.

சான்றிதழ்கள்

டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழைக் கணினியில் நிறுவியிருந்தால் செர்ட்எம்ஜிஆர்.எம்எஸ்சி-யைத் திறந்து, தனிச் சாவியோடு சேர்த்து பிஎஃப்எக்ஸ் கோப்பாக ஏற்றுமதி செய்து பாஸ்வேர்ட் கொடுங்கள். தனிச் சாவி ஏற்றுமதிக்குத் தடை போட்டு நிறுவப்பட்டிருந்தால் அந்தத் தேர்வு மங்கலாக இருக்கும். அப்போது வழங்கியவரிடம் மறுபடி வாங்குவதுதான் வழி. விண்டோஸின் இஎஃப்எஸ் முறையில் பூட்டிய கோப்புகள் பூட்டுக் குறியோடு தெரிந்தால் இன்னும் கவனம் தேவை. அதன் சான்றிதழ் இல்லாமல் ஃபார்மட் செய்தால் அந்தக் கோப்புகளை யாராலும் திறக்க முடியாது. முதலில் பூட்டை நீக்கிவிட்டுக் காப்பி எடுப்பது எளிது.

யூசர் ஃபோல்டரில் சர்வர் சாவிகள் இருக்கும் .எஸ்எஸ்ஹெச் ஃபோல்டர், கிட் என்ற நிரலாளர் கருவியின் .கிட்கான்ஃபிக் கோப்பு, ஆவணங்களில் கேம் சேமிப்புகள், டாஸ்க் ஷெட்யூலரில் நீங்கள் எழுதிய வேலைகள் ஆகியவற்றையும் பாருங்கள். மைஎஸ்க்யூஎல் போன்ற டேட்டாபேஸ், கணக்குப் பதிவு மென்பொருள் போன்றவற்றின் தரவை ஃபோல்டராகக் காப்பி செய்யாதீர்கள். அந்தந்த மென்பொருளின் சொந்த பேக்கப் வழியில் எடுத்து, வேறு கணினியில் ஒரு முறை திறந்து பாருங்கள்.

காப்பி செய்யும்போது

யூசர் ஃபோல்டரை இழுத்துப் போட்டுக் காப்பி செய்தால் ஏதோ ஒரு பூட்டிய கோப்பில் நின்றுவிடும். ரோபோகாப்பி நம்பகமானது:

ரோபோகாப்பி சி:\யூசர்ஸ்\பெயர் டி:\பேக்கப் /ஈ /எக்ஸ்ஜே /ஆர்:1 /டபிள்யூ:1

எக்ஸ்ஜே முக்கியம். யூசர் ஃபோல்டருக்குள் பழைய மென்பொருள்களுக்காக விண்டோஸ் வைத்திருக்கும் குறுக்கு வழிகள் சில, தங்களுக்குள்ளேயே சுற்றி வருபவை. எக்ஸ்ஜே-ஐச் சேர்க்காவிட்டால் காப்பி முடிவில்லாமல் ஆழமாகப் போய்க்கொண்டே இருக்கும். ஆரும் டபிள்யூவும் இல்லாவிட்டால் திறக்க முடியாத ஒவ்வொரு கோப்புக்கும் 30 வினாடி இடைவெளியில் 10 லட்சம் முறை முயலும்.

டெஸ்க்டாப்பும் ஆவணங்களும் ஒன்டிரைவோடு இணைந்திருந்தால், மேக ஐகானோடு தெரியும் கோப்புகள் கணினியில் உண்மையில் இல்லை, வெறும் பெயர்தான். இந்தச் சாதனத்தில் எப்போதும் வைத்திரு என்று கொடுத்து இறக்கிய பிறகு காப்பி செய்யுங்கள்.

இரண்டு சிறிய வேலைகள் பாக்கி. பேக்கப் டிஸ்க்கில் டிரைவர்ஸ் என்று ஒரு ஃபோல்டர் உருவாக்கி, அட்மினாகத் திறந்த டெர்மினலில் பிஎன்பியூடில் /எக்ஸ்போர்ட்-டிரைவர் * டி:\டிரைவர்ஸ் என்று அடித்தால் விண்டோஸோடு வராத டிரைவர்கள் அனைத்தும் அதில் சேரும். அதே கணினியில் திரும்பப் போடுகிறவர்களுக்கு இது பெரிய உதவி. வைஃபை பாஸ்வேர்டுகளுக்கு வைஃபை என்ற ஃபோல்டர் உருவாக்கி, நெட்எஸ்ஹெச் டபிள்யூலேன் எக்ஸ்போர்ட் புரொஃபைல் கீ=கிளியர் ஃபோல்டர்=டி:\வைஃபை என்று அடியுங்கள். ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு கோப்பு வரும்.

புதிய விண்டோஸில்

8 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட பென்டிரைவில் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூல் மூலம் செட்டப்பை எழுதுங்கள். பென்டிரைவில் ஏற்கெனவே இருப்பது அழிந்துவிடும். செட்டப் ஓடும்போது பேக்கப் டிஸ்க்கையும் மற்ற டிஸ்க்குகளையும் கழற்றி வையுங்கள். தவறான டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து அழிப்பதற்கு ஒரு நொடி போதும்.

யூசர் ஃபோல்டரின் பெயரில் ஒரு சிக்கல் உண்டு. செட்டப்பின்போது மைக்ரோசாஃப்ட் கணக்கைக் கொடுத்தால் உங்கள் மின்னஞ்சல் முகவரியின் முதல் 5 எழுத்துகளே ஃபோல்டரின் பெயராகிவிடும். பழைய பெயர் வேறாக இருந்தால், முழு ஃபோல்டர் பாதையைத் தங்கள் செட்டிங்ஸில் எழுதி வைத்திருக்கும் மென்பொருள்கள் கோப்பைக் காணோம் என்று சொல்லும். இதைத் தவிர்க்க, உள்ளே போனதும் பழைய பெயரிலேயே ஒரு லோக்கல் கணக்கு உருவாக்கி அட்மின் உரிமை கொடுத்து, அதில் வேலையைத் தொடங்குங்கள். இப்போது செய்வது சுலபம், எல்லா மென்பொருளும் போட்ட பிறகு ஃபோல்டர் பெயரை மாற்றுவது ஆபத்து. டி, ஈ என்ற டிரைவ் எழுத்துகளையும் பழையபடியே வையுங்கள்.

நெட்வொர்க் கிடைக்காமல் செட்டப் நின்றால் கைபேசியை யூஎஸ்பியில் இணைத்து டெதரிங் போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் தனி டிரைவர் இல்லாமலே வேலை செய்யும். உள்ளே வந்ததும் விண்டோஸ் அப்டேட்டை மீதம் எதுவும் இல்லை என்று சொல்லும்வரை ஓட்டுங்கள். அதன் பிறகும் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறி இருந்தால் மட்டும் நீங்கள் எடுத்து வைத்த டிரைவர்ஸ் ஃபோல்டரைக் காட்டுங்கள்.

இனி மென்பொருள்கள்:

விங்கெட் இம்போர்ட் -ஐ டி:\ஆப்ஸ்.ஜேசன் --இக்னோர்-அன்அவெய்லபிள் --அக்செப்ட்-பேக்கேஜ்-அக்ரிமென்ட்ஸ்

விங்கெட் என்றொரு கட்டளையே இல்லை என்று வந்தால் பயப்பட வேண்டாம். புதிய விண்டோஸில் முதல் லாகினுக்குப் பிறகு அது பதிவாகச் சிறிது நேரம் பிடிக்கும். ஸ்டோரில் ஆப் இன்ஸ்டாலரைப் புதுப்பித்துவிட்டுத் திரும்ப முயலுங்கள்.

செட்டிங்ஸைத் திரும்ப வைப்பதில் ஒரு வரிசை உண்டு. மென்பொருளை இன்ஸ்டால் செய்து, ஒரு முறை திறந்து, மூடுங்கள். அது உருவாக்கிய புதிய செட்டிங்ஸ் ஃபோல்டரின் பெயரோடு -புதியது என்று சேர்த்து ஓரமாக வையுங்கள். பிறகு பேக்கப்பிலிருந்து பழைய ஃபோல்டரை அந்த இடத்தில் வைத்துத் திறந்து பாருங்கள். தகராறு செய்தால் பழையதை எடுத்துவிட்டு ஓரமாக வைத்ததன் பெயரைச் சரிசெய்தால் போதும். ஒரு மென்பொருளை முடித்த பிறகே அடுத்தது. பத்தையும் ஒன்றாகக் கொட்டினால் எது கெடுக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது. ஜிம்ப், பிளெண்டர் போன்றவை பதிப்பு எண்ணிலேயே ஃபோல்டர் வைப்பதால், புதிய பதிப்புக்குப் பழைய எண்ணுள்ள ஃபோல்டரை அதே பெயரில் வைத்தால் பெரும்பாலும் அவையே எடுத்துக்கொள்ளும்.

ஸ்டீம் கேம்களை மறுபடி இறக்க வேண்டியதில்லை. பழைய ஸ்டீம்ஆப்ஸ் ஃபோல்டர் இருக்கும் டிரைவை ஸ்டீமின் சேமிப்பிடப் பகுதியில் சேர்த்தால் கோப்புகளைச் சரிபார்த்து ஏற்றுக்கொள்ளும்.

விட்டுப்போனதை மீட்பது

சில வாரம் கழித்து ஒரு மென்பொருளின் ரெஜிஸ்ட்ரிப் பதிவை எடுக்கவில்லை என்று தெரிய வரும். பழைய டிஸ்க்கோ அதன் பிம்பமோ இருந்தால் இன்னும் வழி இருக்கிறது. உங்கள் பழைய யூசர் ஃபோல்டரில் மறைந்திருக்கும் என்டியூசர்.டேட் என்ற கோப்புதான் உங்கள் ரெஜிஸ்ட்ரிப் பகுதி. ரெஜ்எடிட்டில் ஹெச்கீ யூசர்ஸைத் தேர்ந்தெடுத்து, ஃபைல் மெனுவில் லோட் ஹைவ் கொடுத்து, அந்தக் கோப்பைக் காட்டி, பழையது என்று பெயர் வையுங்கள். வேண்டிய கிளையை ஏற்றுமதி செய்யுங்கள். அந்த ரெஜ் கோப்பை நோட்பேடில் திறந்து, ஹெச்கீ_யூசர்ஸ்\பழையது என்று வரும் இடமெல்லாம் ஹெச்கீ_கரன்ட்_யூசர் என்று மாற்றிச் சேமித்து இரட்டைக் கிளிக் செய்யுங்கள். முடிந்ததும் அன்லோட் ஹைவ் கொடுக்க மறக்காதீர்கள், கொடுக்காவிட்டால் டிஸ்க்கைப் பாதுகாப்பாகக் கழற்ற முடியாது.

மென்பொருள்களையே இடம் மாற்றித் தருவதாகச் சொல்லும் கட்டணக் கருவிகளும் இருக்கின்றன. எளிய மென்பொருள்களில் அவை வேலை செய்யும். டிரைவரோ ஆக்டிவேஷனோ உள்ளவற்றில் தடுமாறும், பழைய கணினியின் குப்பையையும் சேர்த்துக் கொண்டுவரும். இன்ஸ்டாலர் எங்கும் கிடைக்காத ஒரே ஒரு மென்பொருளுக்காக என்றால் முயன்று பார்க்கலாம். முழுக் கணினிக்கும் அதை நம்புவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

லினக்ஸில் இந்த வேலை மிக எளிது. ஹோம் தனிப் பார்ட்டிஷனில் இருந்தால் அதைத் தொடாமல் புதியதைப் போட்டு, முதல் யூசராக அதே பெயரை உருவாக்கினால் செட்டிங்ஸ் அப்படியே இருக்கும். உபுண்டு, டெபியனில் ஆப்ட்-மார்க் ஷோமேனுவல் தரும் பட்டியலைச் சேமித்து வையுங்கள். பதிப்பு மாறும்போது பேக்கேஜ் பெயர்களும் மாறுவதால் மொத்தமாகத் திணிக்காமல் நீங்கள் அறிந்து போட்டவற்றை மட்டும் பொறுக்கி எடுங்கள்.

ஒரு மாதம் கழித்து

எல்லாம் ஓடத் தொடங்கியதும் சிஸ்டம் புரொடெக்‌ஷனை இயக்கி ஒரு ரெஸ்டோர் பாயின்ட் உருவாக்குங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு புதிதாகப் போட்ட விண்டோஸ் 11 தானாகவே டிஸ்க்கைப் பூட்டியிருக்கலாம். அதன் புதிய 48 இலக்க எண்ணையும் எழுதி வையுங்கள், பழைய எண் இதற்குச் செல்லாது. பாஸ்வேர்டுகள் வெறும் எழுத்தாக இருக்கும் சிஎஸ்வி கோப்பையும் வைஃபை கோப்புகளையும் உடனே அழித்து ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள். பழைய டிஸ்க்கை மட்டும் அவசரப்பட்டு அழிக்க வேண்டாம். மாதக் கணக்கு முடிப்பது, வரி தாக்கல் செய்வது என்று எப்போதாவது ஒரு முறை மட்டுமே திறக்கும் மென்பொருள்களின் தரவு விட்டுப்போனது அந்த நாள் வரும்போதுதான் தெரியும். அப்படிப்பட்ட ஒவ்வொன்றையும் புதிய கணினியில் ஒரு முறை திறந்து, பழைய தரவு தெரிகிறதா என்று பார்த்த பிறகு டிஸ்க்கை ஃபார்மட் செய்யுங்கள்.